பூவரசு ஆணி

நேற்று ஒரத்தநாடு சாலையில் ஒரு பட்டறை வாசலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். உள்ளே ஒரு சின்ன டிராக்டரின் பின்புறம் வண்டி இழுக்கும் கொக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். தோப்பில் தேங்காய் அள்ளுவதற்காக இருக்கும். இப்போதெல்லாம் கொக்கி பெட்டியில் வருகிறது. ஒரு பட்டை, நான்கு போல்ட்டு, ஓர் ஆணி. அரைமணி நேர வேலை. ஏதோ ஒரு துளை சேரவில்லை போலிருக்கிறது, பட்டையை வெட்டிப் பற்றவைத்தார்கள். அந்தப் புகை வாசல்வரை வந்தது. பேருந்து வந்தும் ஏறவில்லை. உள்ளே போய்க் குனிந்து, கொக்கியை அச்சுக்குக் கீழேதான் மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"என்ன பெரியவரே, டிராக்டர் வாங்கப் போறீங்களா?" என்று ஒருவர் சிரித்தார்.

நண்பா, நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் இருவரும் தொட்டும் தொடாமலும் பேசிவந்த ஒரு காலைப்பொழுதை இப்போதாவது முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கோட்டையில் ஆட்சி மாறி இரண்டாவது சம்பா அறுவடை அது. வயலில் யாருக்கு என்ன மாறியிருக்கிறது என்று பார்த்து எழுத என்னைத் தஞ்சாவூர்ப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து உங்கள் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். உன் பற்றவைப்புப் பட்டறைக்கு அடுத்த மாடியில் எனக்கு அறை. பகல் முழுதும் உன் பட்டறையில் கவிழ்த்துப்போட்ட தகர டின் மேல் உட்கார்ந்து செய்தி எழுதுவேன். "நிருபரே, காயிதத்தை மூடு. பொறி பறக்குது. அப்புறம் ஊரு பத்திக்கிச்சுன்னு நீயே எழுதுவ" என்பாய். இருவருக்கும் ஒரே வயது, இருபத்தாறு.

கூலி உயர்வு கேட்டு உள்ளூர் ஆட்கள் அரிவாளை வைத்துவிட்டிருந்தார்கள். சபாபதி மிராசுதார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வெளியாட்களை இறக்கினார்; காவலுக்குப் போலீஸ் வந்தது. கதிர் அறுத்தாகிவிட்டது. ஆனால் அறுத்த கட்டுகளைக் களத்துக்குக் கொண்டுவர ஆளில்லை. வண்டியோட்டிகளும் போராட்டத்தில் சேர்ந்து மாடுகளை அவிழ்த்து ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மிராசுதாரிடம் தென்னந்தோப்பு உழுவதற்கென்று வாங்கிய சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது. கலப்பை மாட்டலாம், வண்டி இழுக்கக் கொக்கி கிடையாது. ஒரு கொக்கி போட்டு மாட்டு வண்டியை அப்படியே அதன் பின்னால் கோத்துவிட்டால் போதுமே என்று அவருக்குத் தோன்றியது. அதற்குத்தான் உன்னிடம் வந்தார்.

டிராக்டரை ஓட்டிவந்தவன் காத்தமுத்து, உன் தங்கை கணவன். தெருவே வேலையை நிறுத்தியிருந்தபோது அவன் மட்டும் நிறுத்தவில்லை. உன் தங்கை அப்போது மாசமாக இருந்தாள். நீ ஏசியதற்கு அவன் சொன்னான்: "நம்ம தெருவுல இந்த சீட்டுல ஏறினவன் நான் ஒருத்தன்தான் மச்சான். இறங்கினா, இன்னொரு தடவை ஏறவிடுவாங்களா?"

மாட்டின் கழுத்துக்கென்று செய்தது என்பதால், வண்டியின் முன்னால் நீளும் ஏர்க்கால் உயரமானது. நுனி உன் நெஞ்சளவு இருந்தது. அந்த உயரத்திலேயே டிராக்டரின் பின்புறம் கொக்கிப் பட்டையை வைத்துத் தற்காலிகமாகப் பிடிக்க வைத்தாய். அதில் கயிறு கட்டி, மறுமுனையைச் சாலையோரப் புளியமரத்தில் கட்டி, மெல்ல இழுக்கச் சொன்னாய். கயிறு விறைத்ததும் டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரு சாண் எழுந்தன.

"குதிரை மாதிரி எழும்புது பாருய்யா!" என்று மிராசுதார் கைதட்டினார்.

நீ சிரிக்கவில்லை. "ஐயா, இழுக்கிற இடம் அச்சுக்கு மேல இருந்தா மூக்குதான் எழும்பும். பாரத்தோட வாய்க்கால் கரையில ஏறினா அப்படியே மல்லாந்துடும். ஓட்டுற ஆளு அடியில போயிடுவான். கொக்கியைக் கீழ போட்டுக் கொடுக்கிறேங்க."

"கீழ போட்டா வண்டி குனியுமே?"

"குனியும்ங்க."

"முதல் பாரம் தலை குனிஞ்சா களத்துக்கு வரும்? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நிமிந்துதான் வந்திருக்கு. இந்த வருசம் கரையில நின்னு எல்லாப் பயலும் பார்க்கிறான். இந்த வருசமா என் வண்டி குனியணும்?"

அந்த வழக்கம் எனக்கும் தெரியும். முதல் பாரம் வந்து நின்றபின் மாட்டை அவிழ்க்கும்போதுகூட ஏர்க்கால் மண்ணைத் தொடாதபடி முட்டுக்கொடுத்து வைப்பார்கள். நீ அதையும் யோசித்திருந்தாய். "அப்ப ஏர்க்காலைக் கொஞ்சம் அறுத்து, இரும்புல ஒரு கை கீழ இறக்கிடுறேன். வண்டியும் நிமிந்து நிக்கும், இழுப்பும் கீழ வந்துடும். ரெண்டு நாள் கொடுங்க."

"போலீசு நாளை வரைக்கும்தான் இருக்கும். அப்புறம் நீ வந்து காவல் நிப்பியா? ஆசாரி செஞ்ச ஏர்க்காலை அறுக்கிறேங்கிறியே, உனக்கு எவ்வளவு தைரியம். சொன்னதைச் செய்யப்பா."

உன் பட்டறை நின்ற இடம் அவருடையது. அதை அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. நீ முகமூடியைக் கவிழ்த்துக்கொண்டு, பட்டையை அதே உயரத்தில் நிரந்தரமாகப் பற்றவைத்தாய்.

பிற்பகலில் பக்கிரி வந்தார். சங்கத்தின் ஊர்ப்பொறுப்பு அவரிடம் இருந்தது. சைக்கிளைவிட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

"கொக்கி போட்டாச்சாமே?"

"போடலேன்னா பட்டறை போயிடும்ண்ணே."

"போட்டா என்ன போகும்னு யோசிச்சியா?"

நீ சுத்தியலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாய்.

"பயப்படாதடா, உன்னை அடிக்க வரலை. பத்தவச்சதைப் பாதியா வை. கரை ஏறும்போது புட்டுக்கட்டும். வண்டி வாய்க்கால்ல கெடக்கட்டும். ஒருத்தனுக்கும் ஒரு சிராய்ப்பு வராது. என்ன நிருபரே, இதையும் எழுதுவீங்களா?"

"சொன்னதை எழுதுறதுதானே என் வேலை."

"எழுதுங்க எழுதுங்க. பேரைக் கொட்டை எழுத்துல போடுங்க" என்று சிரித்தார். அவர் சைக்கிளைத் திருப்பியபோது அந்தச் சிரிப்பு முகத்தில் இல்லை.

அவர் போனதும் நீ பின்கட்டுக்குப் போய்ப் பூவரசு மரத்திலிருந்து ஒரு கிளையை அறுத்து வந்தாய். கொக்கிப் பட்டையையும் ஏர்க்காலையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஓர் ஆணிதான். மேலிருந்து இறக்கும் கனத்த இரும்பாணி. அதன் பருமனுக்கே அந்தக் கிளையைச் சீவினாய். அரத்தால் அராவி உருட்டினாய். நடுவில் சுற்றிலும் ரம்பத்தால் ஒரு வரி அறுத்தாய். கிரீஸையும் கரியையும் குழைத்துப் பூசினாய். இரண்டையும் அருகருகே வைத்தபோது எது இரும்பு என்று எனக்குத் தெரியவில்லை. இடையில் அரம் வழுக்கி உன் பெருவிரல் கிழிந்தது.

"நிருபரே, நீ இதைப் பார்க்கலை."

"எதை?"

"அதான். யாரு வந்து கேட்டாலும் இப்படியே கேளு."

"இது எதுக்கு?"

"சமதரையில தாங்கும். மூக்கு எழும்புற அளவுக்கு இழுப்பு வந்துச்சுன்னா இது முறியும். டிராக்டர் கீழ உக்காந்துடும். மாப்ள பொழச்சுக்குவான்."

"பக்கிரி கேட்டதும் இதுதானே?"

"இது இல்ல." கரி படிந்த விரல்களைத் துடைத்தாய். "பார்க்கிறவனுக்கு இதுதான்."

மறுநாள் காலை பனி விலகுமுன்பே கரையில் கூட்டம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் அறுத்த வயல். மதகைத் தாண்டி அந்தப் பக்கம் களம். நடுவில் ஆள் உயரக் கரை. வண்டி ஏறவேண்டிய சரிவு அது. கரையின்மேல் போலீஸ். எதிர்க்கரையில் உங்கள் தெரு ஆட்கள் செங்கொடியோடு நின்றார்கள். கோஷம் இல்லை. மிராசுதார் குடை பிடித்துக் களத்தில் நின்றார். கட்டுகள் ஏற்றிய வண்டி, மேலே மஞ்சள் துணி போர்த்தி, அவர் விரும்பியபடியே நிமிர்ந்து நின்றது.

ஆணியை நீயேதான் இறக்கினாய். காத்தமுத்து திரும்பிப் பார்த்தான். "என்ன மச்சான், கோயில் தேருக்குக் கட்டை போடுற மாதிரி சாமி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறீங்க?"

"மூக்கு எழும்பினா கிளச்சை மிதிச்சுடு மாப்ள."

"ஓட்டுறவனுக்கே பாடமா? தள்ளுங்க."

நீ வந்து என் பக்கத்தில் நின்று, என் சட்டையின் முதுகுப்புறத்தைப் பிடித்துக்கொண்டாய். வண்டி புறப்பட்டது. வெளியூர்ப் பெண்கள் நான்கு பேர் அதன் பின்னால் நடந்தார்கள். அவர்களில் ஒருத்தி, பிள்ளையைத் தூக்குவதுபோல இடுப்பில் ஒரு கருங்கல்லை வைத்திருந்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள முயலவும் இல்லை. உன் கண்ணும் என் கண்ணும் முன்சக்கரங்களின் மேலேயே இருந்தன.

பாதிச் சரிவில் அவை எழுந்தன. ஒரு சாண், பிறகு ஒரு முழம். காத்தமுத்துவின் முதுகு மண்ணைப் பார்த்துச் சாய்ந்தது. ஏதோ கத்தினான். என் சட்டை கிழிந்தது. அப்போது பச்சைக்கொம்பு ஒடிவதுபோல ஒரு சத்தம். முன்சக்கரங்கள் தடாலென்று விழுந்தன. டிராக்டர் துள்ளிக் கரையில் ஏறி நின்றது. காத்தமுத்து ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், உயிரோடு.

ஏர்க்கால் வானத்தைப் பார்த்து எழும்ப, வண்டி பின்னோக்கி உருண்டது.

அவ்வளவு நேரமும், முதல் நாள் முழுவதும், முன்னால் உட்கார்ந்திருப்பவனைப் பற்றி மட்டுமே நாம் நினைத்திருந்தோம். நம் இரண்டு பேர் மூளையிலும் வண்டிக்குப் பின்புறம் என்று ஒன்று இருக்கவில்லை.

பெண்ணின் அலறல் கேட்டது. எல்லோரும் வண்டியிடம் ஓடினார்கள். போலீஸ் ஓடியது, எதிர்க்கரை ஆட்கள் கொடியைப் போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கி ஓடிவந்தார்கள், பக்கிரியும்தான். நான் டிராக்டரிடம் ஓடினேன். கொக்கித் துளையில் மர ஆணியின் மேல்பாதி சிக்கியிருந்தது. விரலால் குத்தித் தள்ளி எடுத்து, என் ஜோல்னாப் பையில், நோட்டுப் புத்தகங்களுக்கு நடுவே போட்டுக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சப்-இன்ஸ்பெக்டர் வந்து, "ஆணி எங்கய்யா?" என்றார்.

"தெறிச்சு வாய்க்கால்ல விழுந்துடுச்சுங்க. நான் பார்த்தேன்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

ஆட்களை இறக்கித் தேடினார்கள். உடைந்த மறுபாதியும் அகப்படவில்லை; தெறித்து வாய்க்காலோடு போயிருக்கவேண்டும். உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் விட்டார்கள். உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பட்டறை வாசலில் பக்கிரி காத்திருந்து உன் தோளைக் கட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு அப்படி ஆகியிருக்கக் கூடாது. ஆனா சாதிச்சுட்டடா தம்பி" என்று காதோரம் சொன்னார். நீ அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாய். அடிவாங்கிய உடம்பு என்று அவர் தண்ணீர் கொண்டுவர ஓடினார்.

என் செய்தி ஆறு வரி வந்தது. டிராக்டரில் பூட்டிய வண்டி கழன்று உருண்டது, பெண் தொழிலாளி ஒருவர் காயமடைந்தார், போலீஸ் விசாரணை. அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி எழுத எனக்குத் தெரியும்.

அன்று மாலை வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு நீ முதல் முறை கேட்டாய். "அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"தெரியலை. அவங்க ஊருக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

முந்தைய நாளே நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவளுடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் என் நோட்டில் இருந்தன. உனக்குச் சொன்னால், நடக்கத் தெம்பு வந்த அன்றே போய் அவள் கட்டிலடியில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவாய். பிறகு மிராசுதாரின் ஆட்கள் உன்னை விடமாட்டார்கள். உன்னைக் காக்கத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆணியை ஒளித்தவன் யார் என்ற கேள்வியும் கூடவே வரும் என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இரண்டாவது முறை, காத்தமுத்துவின் மகள் கல்யாணத்தில். அவனே நமக்கு இலை போட்டான். பக்கத்திலிருந்த சம்பந்தியிடம், "அன்னைக்கு ஆணி கழண்டுச்சு, நான் பொழச்சேன். சாமிதாங்க வந்து உருவிச்சு" என்றான். நீ சோற்றில் கைவைத்தபடி என் பக்கம் சாய்ந்தாய். "மாப்ளைக்காகச் சீவினேனா, பக்கிரிக்குப் பயந்து சீவினேனான்னு இப்ப எனக்கே தெரியலைய்யா. அந்தப் பொண்ணு பேராவது தெரியுமா உனக்கு?" நான் பாயசம் கேட்டுப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டேன்.

மூன்றாவது முறை, சென்ற ஐப்பசியில், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாயோடு நீ உதட்டை மட்டும் அசைத்தாய். "பேரு" என்றாய். நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று. நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

இந்த இரண்டாம், மூன்றாம் முறைகளுக்கு முன்பே நான் அவளைப் பார்த்துப் பேசியிருந்தேன். விபத்து நடந்து பத்தாண்டுகள் கழித்து, வறட்சியைப் பற்றி எழுத அந்தப் பக்கம் போனபோது, விசாரித்துக்கொண்டு அவள் ஊருக்குப் போனேன். கண்மாய்க் கரையில், கம்பை ஊன்றி நின்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். பத்திரிகைக்காரர் என்று சொன்னேன். அவளுக்கு என்னை நினைவில்லை.

"எல்லாரும் ஓடினாங்களாமே, நீங்க ஏம்மா ஓடலை?"

"கல்லு எங்கிட்டல்ல இருந்துச்சு" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "ஏத்தத்துல வண்டி போனா, பின்னால ஒரு ஆளு கல்லோட போகணும்ல. சக்கரம் பின்வாங்கினா அண்டை கொடுக்க. நான் வச்சேன், வண்டி நின்னுச்சு. கூட வந்தவளுக மூணு பேரும் விலகிட்டாளுக. அதுக்கப்புறம்தான் சக்கரம் கல்லைத் தாண்டிருச்சு."

இதை நான் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை எடுக்கவே முடியவில்லை.

"ஆமா, அந்த வண்டி எப்படிக் கழண்டுச்சு?" என்று அவள் கேட்டாள்.

"ஆணி தெறிச்சு விழுந்துடுச்சும்மா."

அவள் ஆடுகளின் பக்கம் திரும்பி, கிணற்றோரம் போன ஒன்றை அதட்டி அழைத்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஏத்தத்துல ஆணி இறுகும்ங்க. விழாது."

வேறொன்றும் கேட்கவில்லை. நான் அங்கே அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு ஏறக்குறைய ஓடினேன்.

அவள் பெயர் ராக்காயி. அன்று அவளுக்கு வயது இருபத்திரண்டு. நீ தேடிப் போயிருந்தால் அவள் உன்னை என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. காறித் துப்பியிருக்கலாம், உட்காரச் சொல்லியிருக்கலாம். அது உங்கள் இருவருக்குள் நடக்கவேண்டியது. நடுவில் நின்று மறித்தவன் நான். உனக்காக என்று சொல்லிக்கொண்டது முதல் சில ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியானது. மிராசுதார் போனார், பக்கிரி போனார், அந்தப் போலீஸ் நிலையம்கூட இடம் மாறிவிட்டது. அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை என்றால், அது யாருக்காக என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

எண்பதைத் தாண்டிவிட்டேன். இப்போதும் முன்பின் தெரியாத யாராவது வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தபால்காரராக இருந்தாலும் சரி, வரி கேட்க வந்தவராக இருந்தாலும் சரி, எழுந்து போகுமுன் என் கை தானாகத் தோளில், அன்று ஆணியை ஒளித்த பையைத் தேடுகிறது.